பாலினச் சமத்துவப் பணிகளுக்கு அரசு நிதி: சென்னையில் முதன்முறையாக விண்ணப்பிப்போருக்கு

அரசு நிதி பெற விரும்பும் புதிய குழுக்கள் பெரும்பாலும் படிவத்தில்தான் தொடங்குகின்றன. எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது என்று விசாரித்து, அந்தத் திட்டத்திற்கு ஏற்றபடி தங்கள் வேலையை வளைத்துக்கொள்கின்றன. சென்னையில் பெண்களுக்காக இயங்கும் சிறு அமைப்புகளோடு பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்த அனுபவத்தில், இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்றே சொல்வேன். செய்ய வேண்டிய வேலையை முதலில் எழுத்தில் வைத்து, அது எந்த அலுவலகத்தின் பொறுப்பு என்று கண்டறிந்து, ஆவணங்களைச் சீர்செய்துகொண்ட பிறகே படிவத்தைக் கையில் எடுக்க வேண்டும். இக்கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

தேவையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

பெண்கள் நலப் பணி எல்லாமே பாலினச் சமத்துவப் பணி ஆகிவிடுவதில்லை. வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நகரின் உட்பகுதிகளிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய கண்ணகி நகரில், வீட்டு வேலைக்குச் செல்லும் ஒரு பெண் காலை ஆறு மணிப் பேருந்தைப் பிடித்து அடையாறுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் அங்கன்வாடி திறந்திருக்காது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் நிற்கிறாள். மூத்தது மகனாக இருந்தால் அவனை நிறுத்துவது அரிது. இங்கே ஒரு குழந்தைகள் காப்பகம் வந்தால் தாயின் கூலி, மகளின் படிப்பு ஆகிய இரண்டும் ஒருசேரக் காப்பாற்றப்படுகின்றன. அதே தெருவில் முப்பது பேருக்குத் தையல் கற்றுக்கொடுப்பதும் நல்ல காரியம்தான். ஆனால் குழந்தையை யார் பார்ப்பது, சம்பாதித்த பணம் யார் கையில் இருக்கும் என்னும் கேள்விகளுக்கு அது மட்டும் விடை தராது. விண்ணப்பத்தைப் படிக்கும் அலுவலர் இந்த விடையைத்தான் தேடுகிறார், அல்லது தேட வேண்டும்.

எனவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லுங்கள். ஐம்பது, அறுபது வீடுகள் போதும். யார் எத்தனை மணிக்கு எழுகிறார், தண்ணீர் யார் பிடிக்கிறார், வேலைக்குப் போகாத பெண்கள் எதனால் போகவில்லை, வங்கிக் கணக்கு யார் பெயரில் உள்ளது, ஏடிஎம் அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். ஆண்களிடமும் கேளுங்கள், அவர்கள் சொல்லும் விடை வேறாக இருப்பதே உங்கள் கருத்துருவுக்கு, அதாவது அரசிடம் கொடுக்கும் திட்ட முன்மொழிவுக்கு, வலுவான சான்றாகும். பெயர்களைத் தனித்தாளில் பூட்டி வைத்து, எண்ணிக்கையை மட்டும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். வீட்டு வன்முறை குறித்துப் பேசிய பெண்ணின் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்கக் கூடாது.

பகுதியின் எல்லையையும் இந்தக் கட்டத்திலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். 2018-இல் சென்னை மாவட்டத்தின் எல்லை மாநகராட்சி எல்லையோடு ஒத்துவரும்படி விரிவாக்கப்பட்டது. அதனால் கண்ணகி நகர் சென்னை மாவட்டத்தில் வருகிறது. சற்றுத் தள்ளியுள்ள பெரும்பாக்கமோ செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இரண்டு குடியிருப்புகளிலும் ஒரே வேலையைச் செய்ய நினைக்கும் அமைப்பு இரண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களை அணுக வேண்டியிருக்கும். இதை அறியாமல் தவறான அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிதி எங்கே இருக்கிறது

ஒன்றிய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் தன் பெண்கள் திட்டங்களில் பெரும்பாலானவற்றை 2022 ஏப்ரல் முதல் ‘மிஷன் சக்தி’ என்னும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்துள்ளது. அதில் ‘சம்பல்’ என்னும் பிரிவு பாதுகாப்பு தொடர்பானது. ஒருங்கிணைந்த சேவை மையம், 181 உதவி எண், பெண் குழந்தைகளைக் காப்போம் திட்டம் ஆகியவை அதில் அடங்கும். ‘சாமர்த்தியா’ என்னும் பிரிவு அதிகாரமளித்தல் தொடர்பானது. ஆதரவற்ற பெண்களுக்கான சக்தி சதன், வேலைக்குச் செல்லும் பெண்களுக்கான விடுதியான சகி நிவாஸ், குழந்தைகள் காப்பகத் திட்டமான பால்னா ஆகியவை அதில் உள்ளன. இணையத்தில் இன்றும் ‘ஸ்வாதார்’, ‘உஜ்வாலா’ (சமையல் எரிவாயுத் திட்டம் அன்று, கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்கானது) என்ற பழைய பெயர்களில் விண்ணப்பப் படிவங்கள் கிடைக்கின்றன. அவ்விரண்டும் சக்தி சதனில் இணைக்கப்பட்டுவிட்டதால் அந்தப் படிவங்களை நிரப்புவது வீண்வேலை.

இத்திட்டங்களில் பணம் பெரும்பாலும் மாநில அரசின் வழியாகவே இறங்குகிறது; பலவற்றில் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கின்றன. ஆகவே டெல்லிக்குக் கடிதம் எழுதுவதைவிட ராஜாஜி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்குச் சென்று மாவட்டச் சமூக நல அலுவலரைச் சந்திப்பதே முதல் வேலை. நடத்துவதற்கு அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் திட்டம் எது, அதற்கான அறிவிப்பு எப்போது வரும் என்பதை அங்கே கேட்டறியலாம். முன்னர்ச் சொன்ன காப்பக எடுத்துக்காட்டில் ஒரு சிக்கலும் உண்டு. பால்னாவுக்கு முன்பிருந்த தேசியக் காப்பகத் திட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாட்கள் என்று வரையறுத்திருந்தது. இப்போது அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களுக்கே முன்னுரிமை. அதிகாலை ஐந்தரைக்குத் திறக்க வேண்டும் என்பது உங்கள் தேவையானால், அதை மறைக்காமல் கருத்துருவில் எழுதி, கூடுதல் நேரத்திற்கான செலவை வேறு எங்கிருந்து ஈட்டுவீர்கள் என்பதையும் காட்டுங்கள்.

மாநில அளவில் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையே முதன்மையானது. ஆண்டுதோறும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது இத்துறை சட்டப்பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் புதியவர்கள் ஒருமுறையாவது முழுமையாகப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். எந்தத் திட்டத்திற்கு எவ்வளவு ஒதுக்கீடு, யார் நடத்துகிறார்கள் என்பவை அதில் தமிழிலேயே இருக்கின்றன. அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2024-இல் வெளியான தமிழ்நாடு மாநில மகளிர் கொள்கையையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை அந்தக் கொள்கையின் எந்த நோக்கத்தோடு பொருந்துகிறது என்று ஒரு பத்தி எழுத முடிந்தால், கோப்பில் குறிப்பெழுதும் உதவியாளருக்கே அது பெரிய உதவி. மகளிர் உரிமைத்தொகை, விடியல் பயணம் போன்றவை தனிப்பட்ட பெண்களுக்குச் சேரும் பயன்கள். அவற்றிலிருந்து அமைப்புகளுக்கு நிதி வராது.

பதிவுபெற்ற அமைப்பு ஏதுமின்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் மட்டும் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் சுய உதவிக் குழுவே இயல்பான வழி. 1983-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டத்திற்கு அருகிலுள்ள அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் இயங்குகிறது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய குழு முறைதான் பின்னர் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் சேர்ந்து, தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் பராமரிப்பு என்னும் ஐந்தையும் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்து காட்டினால் தர மதிப்பீட்டிற்குப் பிறகு, உறுப்பினர்களுக்குள் மாறி மாறிக் கடன் தரப் பயன்படும் சுழல் நிதிக்கும் வங்கிக் கடனுக்கும் தகுதி பெறலாம். வங்கிக் கடன் மானியம் ஆகாது. அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். இந்த வேறுபாட்டை முதல் கூட்டத்திலேயே எல்லா உறுப்பினர்களுக்கும் புரியும்படி சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் பிற்காலத்தில் குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

திருநங்கையர், திருநம்பியரோடு பணியாற்றுவோருக்குத் தனி வழி உண்டு. அவர்களுக்கென 2008-இல் நல வாரியம் அமைத்து நாட்டிலேயே முன்னோடியாக நின்றது தமிழ்நாடு. தங்குமிடம் நடத்தும் எண்ணமிருந்தால் ஒன்றியச் சமூக நீதி அமைச்சகத்தின் ‘ஸ்மைல்’ திட்டத்தின்கீழ் உள்ள ‘கரிமா கிருஹ்’ பற்றி விசாரியுங்கள். சமூக அடிப்படையிலான அமைப்புகளே அதை நடத்துகின்றன. சட்ட விழிப்புணர்வு, கருத்தரங்கு, ஆய்வு போன்ற குறுகிய காலப் பணிகளுக்குத் தேசிய மகளிர் ஆணையமும் நிதி வழங்குவது உண்டு. பெரிய திட்டத்திற்கு முன் சிறியதொன்றை முடித்துக் காட்ட விரும்பும் அமைப்புக்கு அது நல்ல தொடக்கம்.

கட்டடம், கழிப்பறை, தெருவிளக்கு போன்ற நிலைத்த சொத்து தேவையென்றால் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாகவும், நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி ரூபாயாகவும் இருந்துவருகின்றன. இவற்றிலிருந்து சம்பளமோ பயிற்சிச் செலவோ கேட்க முடியாது. மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் ஏற்று, மீதியை அரசு ஏற்கும் ‘நமக்கு நாமே’ திட்டமும் நகர்ப்புறங்களில் செயல்படுகிறது. மாநகராட்சியின் 200 வார்டுகளிலும் வார்டுக் குழு, அப்பகுதி மக்கள் கூடித் தேவைகளைச் சொல்லும் பகுதி சபை என்னும் அமைப்புகள் உள்ளன. உங்கள் தெருவின் பெண்கள் கழிப்பறைக் கோரிக்கை பகுதி சபையில் பதிவாகி, அதன் நகல் உங்கள் கையில் இருந்தால், மாநகராட்சி மன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் போய்ப் பேசுவதற்கு அது உறுதியான பிடி. உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளதால், நீங்கள் பேசப்போகும் மன்ற உறுப்பினரே ஒரு பெண்ணாக இருக்க வாய்ப்பு மிகுதி.

பெண்கள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் நிர்பயா நிதி பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2013-இல் 1,000 கோடி ரூபாயுடன் அறிவிக்கப்பட்ட அந்த நிதியில், பாதுகாப்பான நகரத் திட்டத்திற்குத் தேர்வான எட்டு நகரங்களுள் சென்னையும் ஒன்று. அமைச்சகங்களும் மாநில அரசுகளும் அனுப்பும் முன்மொழிவுகளே அதில் பரிசீலிக்கப்படுகின்றன. தொண்டு அமைப்பு நேரடியாக விண்ணப்பிக்க இயலாது. ஆயினும் பெருநகர சென்னை மாநகராட்சியில் இத்திட்டத்தின் வழியே பாலினம் மற்றும் கொள்கை ஆய்வகம் ஒன்று அமைந்துள்ளது. விளக்கில்லாத தெரு, கூரையில்லாத பேருந்து நிறுத்தம் பற்றிய உங்கள் கணக்கெடுப்பை அங்கே கொடுத்தால், பணம் உங்கள் கணக்கிற்கு வராவிட்டாலும் வேலை நடக்க வழியுண்டு.

சட்ட வடிவமும் ஆவணங்களும்

மானியம் பெற அமைப்புக்குச் சட்டப்படியான உருவம் வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதிவு செய்யலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து அறக்கட்டளை தொடங்கலாம். நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 8ஆம் பிரிவின்கீழ் லாப நோக்கமற்ற நிறுவனமாகவும் பதியலாம். சமூகப் பணிக்குச் சங்கமே பொருத்தமானது என்பது என் கருத்து. முடிவெடுப்பவர்களைப் பொதுக்குழு மாற்ற முடியும் என்பதால், எந்தச் சமத்துவத்தைப் பேசுகிறோமோ அதை அமைப்புக்குள்ளும் கடைப்பிடிக்க அது வாய்ப்பளிக்கிறது. சென்னையில் மாவட்டப் பதிவாளர் அலுவலகங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பதால், உங்கள் அலுவலக முகவரி எதன் எல்லையில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

பதிவின்போது கொடுக்கும் அமைப்பின் துணை விதிகளில் நோக்கங்களை எழுதும்போது அவசரப்படாதீர்கள். நான் சேர்ந்திருந்த ஒரு குழுவில், பொதுவான கல்விப் பணி என்று மட்டும் எழுதியிருந்தோம். பெண்களுக்கான சட்ட உதவித் திட்டமொன்றுக்கு விண்ணப்பித்தபோது நோக்கத்தில் அது இல்லை என்று கோப்பு திரும்பிவிட்டது. சிறப்புப் பொதுக்குழு கூட்டி, தீர்மானம் நிறைவேற்றி, திருத்தத்தைப் பதிவு செய்து முடிப்பதற்குள் அந்த ஆண்டின் வாய்ப்பு போயிற்று. பெண்கள், பெண் குழந்தைகள், திருநங்கையர் ஆகியோரின் உரிமை, பாதுகாப்பு, வாழ்வாதாரம், பராமரிப்புப் பணி ஆகிய சொற்கள் நோக்கங்களில் வெளிப்படையாக இடம்பெறட்டும்.

பதிவுக்குப் பின் அமைப்பின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் அறநிறுவனப் பதிவு ஆகியவற்றைப் பெற வேண்டும். நிதி ஆயோக்கின் ‘என்ஜிஓ தர்ப்பண்’ தளத்தில் பதிந்து தனி எண் பெறாமல் ஒன்றிய அரசின் மானியத்தை அணுக முடியாது. அதற்கு நிர்வாகிகள் மூவரின் விவரங்களும் தேவை. பணம் வந்து சேரும் வழியான பொது நிதி மேலாண்மை அமைப்பிலும், அதாவது பிஎப்எம்எஸ்-இலும், பதிய வேண்டியிருக்கும். நிர்வாகியின் பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் பானில் ஒரு விதமாகவும் இருப்பது நம்மூரில் சாதாரணம். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதில் தொடங்கி, திருமணத்திற்குப் பின் கணவர் பெயருக்கு மாறிய பெண்களின் ஆவணங்கள் வரை எல்லாமே சிக்கலாகும். பெண்கள் தலைமையேற்கும் அமைப்புகளையே இது அதிகம் வாட்டுகிறது. பதிவுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.

பல திட்டங்கள் மூன்றாண்டு தணிக்கை அறிக்கையைக் கேட்கின்றன. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சேவை வழங்குநராகப் பதிவு பெறுவதற்கும் மூன்றாண்டுப் பணி அனுபவம் வேண்டும். ஆகவே பணமே இல்லாத முதல் ஆண்டிலும் வரவு செலவுக் கணக்கு எழுதி, ஆடிட்டரிடம் தணிக்கை செய்து, பொதுக்குழு கூட்டிப் பதிவாளரிடம் ஆண்டறிக்கை அளித்துவிடுங்கள். பெண்களுக்கான இல்லமோ விடுதியோ நடத்துவதானால் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உரிமம் கட்டாயம். உங்களிடம் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணியாற்றினால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் அமைக்க வேண்டும்.

கருத்துரு எழுதுதல்

நல்ல கருத்துரு எட்டுப் பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. நீங்கள் எடுத்த கணக்கெடுப்பு, செய்யப்போகும் வேலை, மாதவாரியான கால அட்டவணை, செலவு மதிப்பீடு, பொறுப்பாளர்கள் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். ஓராண்டு முடிவில் எதை அளப்பீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதுங்கள். “நூறு பெண்கள் விழிப்புணர்வு பெறுவர்” என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. “காப்பகத்தில் சேரும் 25 குழந்தைகளின் வீடுகளில், பள்ளிக்கு ஒழுங்காகச் செல்லாதிருந்த மூத்த பெண் குழந்தைகளின் வருகைப் பதிவு மாதந்தோறும் பள்ளியில் கேட்டு எழுதப்படும்” என்பதைச் சரிபார்க்க முடியும்.

செலவு மதிப்பீட்டில் பெண்களின் உழைப்பை இலவசமாகக் கணக்கிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சமத்துவத்திற்கான திட்டங்களிலேயே சமையல், துப்புரவு, வீடு வீடாக அழைப்பு ஆகியவற்றைச் செய்யும் பெண்களுக்கு ‘தன்னார்வலர்’ என்று பெயரிட்டு ஊதியம் எழுதாமல் விடும் வழக்கம் இன்னும் இருப்பதுதான். பயிற்சிக்கு வருபவரின் பேருந்துச் செலவு, அன்று இழக்கும் கூலி, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஆகியவையும் செலவுத் தலைப்புகளே. திட்ட விதி அனுமதிக்காத தலைப்பானால், அதை உங்கள் அமைப்பின் பங்களிப்பாகக் காட்டலாம். பொருள்கள் வாங்குவதற்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள். இதே பணிக்கு வேறு எந்தத் துறையிடமும் மானியம் பெறவில்லை, கோரவில்லை என்ற உறுதிமொழியையும் கேட்பார்கள், உண்மையாக எழுதுங்கள்.

கொடுத்த பிறகு

மனுவை நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். கோப்பு எந்தப் பிரிவுக்குப் போயிற்று என்று இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கேளுங்கள். குறைபாட்டுக் கடிதம் வந்தால் அதே வாரத்தில் பதில் கொடுங்கள். தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும்போது புதிய ஒப்புதல்கள் நின்றுபோகும் என்பதையும், நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் ஒப்புதல் தாமதமாக வந்தால் செலவிடும் காலம் சுருங்கும் என்பதையும் உங்கள் கால அட்டவணையில் கணக்கில் கொள்ளுங்கள். பதிலே வராத நிலையில், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், கடந்த மூன்றாண்டுகளில் அத்திட்டத்தில் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எவை எக்காரணத்தால் நிராகரிக்கப்பட்டன என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நிராகரிப்புக் காரணங்களின் அந்தப் பட்டியல் எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் அதிகம் கற்றுக்கொடுக்கும். ஒப்புதல் வாங்கித் தருகிறேன் என்று விழுக்காடு பேசி வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

பணம் வந்ததும் அதைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள், 2017-இன்படி மானியத் தொகைக்குக் கிடைக்கும் வட்டியும் அரசுக்கே திரும்பச் சேர வேண்டும். அதைச் செலவழித்துவிட்டு விழிப்பவர்கள் பலர். மானியம் உரிய பணிக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் உரிய படிவத்தில் அளிக்க வேண்டும் என்பது பொது விதி; திட்டங்கள் இன்னும் குறைந்த காலத்தையும் விதிக்கலாம். அது போய்ச் சேராதவரை அடுத்த தவணை வராது. ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, வவுச்சர், தீர்மான எண் ஆகிய மூன்றையும் சேர்த்துக் குத்திவையுங்கள். மானியத்தில் வாங்கிய தையல் இயந்திரம், கணினி, தொட்டில் எல்லாவற்றையும் சொத்துப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு எழுதுங்கள். அரசின் அனுமதியின்றி அவற்றை விற்கவோ வேறு பயன்பாட்டிற்குத் தரவோ கூடாது.

கணக்கு எழுதும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் விட்டுவிடாமல், பயன்பெறும் பெண்களில் இருவருக்காவது கற்றுக்கொடுத்து, மாதக் கூட்டத்தில் வரவு செலவைத் தமிழில் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். இரண்டாம் ஆண்டு விண்ணப்பத்தில் பொறுப்பாளர் பட்டியலை நிரப்பும்போது அந்த இருவரின் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.